உப்பு கூடினால் வலிப்பு, குறைந்தால் தள்ளாட்டம்

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்வி – பதில்

வலிப்பு நோயுள்ள நாய்க்கு என்ன சாப்பாடு போடலாம், எந்தத் தாது கூடக் கூடாது, எது குறையக் கூடாது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் கால்நடை மருத்துவக் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 4 வயது, 28 கிலோ. கார்டினால் (பீனோபார்பிட்டோன்) மாத்திரையோடு பொட்டாசியம் புரோமைடும் கொடுக்கிறோம். எட்டு மாதமாக வலிப்பே இல்லை. போன மாதம் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாறியது சாப்பாடு ஒன்றுதான். பாக்கெட் தீவனத்தைத் தொடவே மாட்டேன் என்றதால், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் இரண்டு மாதமாகக் கருவாட்டுக் குழம்புச் சோறு போடுகிறார். அதற்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இருக்குமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: சம்பந்தம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அந்தக் கருவாட்டைத்தான்.

புரோமைடு உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகத்துக்குப் புரோமைடும் உப்பிலுள்ள குளோரைடும் ஏறக்குறைய ஒன்றுதான். வடிகட்டியதில் ஒரு பகுதியை அது திரும்ப உறிஞ்சும்போது இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சாப்பாட்டில் உப்பு கூடினால் குளோரைடு கூடி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புரோமைடு சிறுநீரோடு போய்விடும். நீங்கள் ஊற்றும் மருந்தின் அளவு மாறியிருக்காது, ரத்தத்தில் தங்கும் அளவு மட்டும் இறங்கியிருக்கும்.

எவ்வளவு இறங்கும்? 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், தீவனத்தில் குளோரைடு 0.2 சதவீதமாக இருந்த பீகிள் நாய்களுக்கு ரத்தத்திலுள்ள புரோமைடு பாதியாகக் குறைய சுமார் 69 நாள் பிடித்தது. குளோரைடை 1.3 சதவீதமாக உயர்த்தியதும் 24 நாளிலேயே பாதியாகிவிட்டது. உங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

28 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,350 கிலோ கலோரி தேவை. அந்த அளவு உணவில் இருக்க வேண்டிய குளோரைடு 400 மி.கி. அளவுதான், உப்பாகச் சொன்னால் முக்கால் கிராமுக்கும் குறைவு. நன்றாக உப்புப் பிடித்த கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். 20 கிராம் துண்டு ஒன்றிலேயே 2 கிராம் உப்பு போய்விடும். குழம்பில் போட்ட உப்பு அதற்கு மேல். அந்தக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கும் என்பது இன்னொரு கவலை. இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். உப்பே இல்லாவிட்டாலும் குழம்பு நாய்க்கு ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே உப்பைச் சுத்தமாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு கூடியதைப் பார்த்து மருத்துவர் புரோமைடு அளவைக் கூட்டியிருந்து, நீங்களும் உப்பை நிறுத்தினால், இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் புரோமைடை எகிற வைக்கும். நாய் எழுந்து நிற்கவே தடுமாறும். அதனால் முதலில் ரத்தத்தில் புரோமைடு, பீனோபார்பிட்டோன் இரண்டின் அளவையும் பாருங்கள். இரண்டு மருந்தும் சேர்ந்து ஓடும் நாய்க்குப் புரோமைடு லிட்டருக்கு 1,000 முதல் 2,000 மி.கி. வரை இருக்க வேண்டும்; புரோமைடு மட்டும் என்றால் 2,000 முதல் 3,000. கருவாட்டுக் கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு பழைய தீவனத்துக்கு 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை மறுபடி ரத்தம் பாருங்கள். புரோமைடு ஒரு நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்துக்கு லெவெடிராசெட்டம் போன்ற வேறொரு மருந்து துணைக்கு வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கருவாட்டை நிறுத்தியும் உப்பு வேறு வழியில் வரும். அப்பளம், முறுக்கு, பிரெட், சீஸ் எல்லாமே உப்புதான். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அலையில் விளையாடிக்கொண்டே கடல்நீரை விழுங்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 2.3 கிராம் குளோரைடு இருக்கிறது. வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் டிரிப்பும் புரோமைடை வேகமாக வெளியேற்றும். புது மருத்துவரிடம் போனால் ஊசி போடும் முன்பே புரோமைடு பற்றிச் சொல்லிவிடுங்கள். இந்துப்பு நல்லது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தக்காரர்களுக்கு விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. புரோமைடோடு போட்டி போடுவது சோடியம் அல்ல, குளோரைடு. ஆகவே அதுவும் கணக்கில் சேரும்.

கேள்வி: எங்கள் டாஷண்டுக்கு 11 வயது, புரோமைடு மட்டும் கொடுக்கிறோம். சிறுநீரகம் பழுதாகிறது என்று கிட்னி தீவனத்துக்கு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. வலிப்பு இல்லை. ஆனால் பின்னங்கால் பின்னுகிறது, எந்நேரமும் தூக்கம். வயதானதால் வருவதா?
— வாசகர், கோவை

பதில்: வயது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நாய்க்குப் புரோமைடு இரண்டு பக்கமும் ஏறுகிறது. கிட்னி தீவனத்தில் உப்பு குறைவு என்பதால் சிறுநீரகம் புரோமைடைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழுதான சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்றும் திறனும் குறைந்திருக்கிறது. பின்னங்கால் பலமிழப்பதும் மந்தமும் புரோமைடு மிகுந்ததன் அடையாளங்கள்.

டாஷண்டுக்கு முதுகுத்தண்டு வட்டு நழுவினாலும் பின்னங்கால் தள்ளாடும் என்பதால் நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும். முதுகைத் தொட்டால் வலியில் கத்துகிறதா, காலைப் புரட்டி வைத்தால் திருப்பி வைக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ரத்தப் புரோமைடையும் அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும் சலைன் ஏற்றுவதும் ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் உப்பைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தால் சிறுநீரகமும் கெடும், புரோமைடு ஒரேயடியாக இறங்கி வலிப்பும் திரும்பும்.

கிட்னி, இதய நோய்த் தீவனங்களில் பொதுவாக உப்பு குறைவு. சிறுநீரில் கல் சேரும் நாய்களுக்கான சில தீவனங்களில், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்று உப்பைக் கூட்டியே வைத்திருப்பார்கள். புரோமைடு சாப்பிடும் நாய்க்கு எந்தத் தீவனம் மாற்றினாலும், பழைய பையின் லேபிளையும் புதிய பையின் லேபிளையும் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பொமரேனியன் குட்டி போட்டு 16 நாள். ஐந்து குட்டிகள். நேற்றிரவு மூச்சு வாங்கி, முகத்தைத் தரையில் தேய்த்து, கை கால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. சினையாக இருந்தபோது தினமும் கால்சியம் டானிக் கொடுத்தோம், பிறகு ஏன் இப்படி? இனி ஆயுள் முழுக்க வலிப்பு மாத்திரை வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். இது காக்காய் வலிப்பு அல்ல. பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்குவதால் வருவது. சாதாரணமாக டெசிலிட்டருக்கு 9 முதல் 11.5 மி.கி. வரை இருக்கும் கால்சியம், இந்த நிலையில் பெரும்பாலும் 7-க்குக் கீழே போய்விடும். சின்ன உடம்பு, நிறையக் குட்டிகள், பிரசவமாகி முதல் நான்கு வாரம் என்று எல்லாம் உங்கள் நாய்க்குப் பொருந்துகிறது.

டானிக் கொடுத்தும் ஏன் வந்தது என்பதற்குப் பதில், டானிக் கொடுத்ததாலேயே இருக்கலாம். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிதான் ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. சினைக்காலம் முழுவதும் வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி அடங்கிப்போகும். குட்டி பிறந்து பால் சுரப்பு ஏறும்போது ஒரே நாளில் பெரிய அளவு கால்சியம் பாலில் போகும். அடங்கிக் கிடந்த சுரப்பி உடனே விழித்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில்தான் நடுக்கமும் இழுப்பும் வருகின்றன.

குட்டிகளை 24 மணி நேரமாவது தாயிடமிருந்து பிரித்து, நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். திரும்ப வந்தால் இந்தப் பிரசவத்தில் தாய்ப்பாலே வேண்டாம். இழுக்கும்போது வாயில் பாலோ டானிக்கோ ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு கொதித்தால் ஈரத்துணி போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பு வழியாக மிக மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். இதை வீட்டில் வைத்துச் செய்யச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அடுத்த சினைக்கு, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஒருமுறை வந்தது மறுபடி வரக்கூடியது. தவறிச் சினையானால் கால்சியம் டானிக் கொடுக்காமல், 40 நாளுக்கு மேல் நல்ல பப்பி தீவனத்துக்கு மாற்றுங்கள். கூடுதல் கால்சியம் பிரசவத்துக்குப் பிறகுதான், மருத்துவர் சொன்ன அளவில்.

கேள்வி: எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் வலிப்பைக் குறைக்கும் என்கிறார்கள். விலை அதிகம். தேங்காய் எண்ணெயிலும் எம்.சி.டி. இருக்கிறதே, செக்கில் ஆட்டிய எண்ணெய் ஊற்றினால் போதாதா? 20 கிலோ நாய்.
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

லண்டனிலுள்ள ராயல் வெட்டர்னரி காலேஜ் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து சாப்பிட்டும் வலிப்பு அடங்காத 21 நாய்களுக்கு எம்.சி.டி. கலந்த தீவனத்தையும் சாதாரணத் தீவனத்தையும் மூன்று மூன்று மாதம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாய்களுக்கு வலிப்பு நின்றது, ஏழு நாய்களுக்குப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. எல்லா நாய்களும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டன என்பதை மறக்காதீர்கள். இதில் வேலை செய்பவை முக்கியமாகக் கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். கேப்ரிக் அமிலம் மூளையில் கிளர்ச்சியைக் கடத்தும் ஒருவகை ஏற்பிகளை நேரடியாக மட்டுப்படுத்துகிறது.

20 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ கலோரி வேண்டும். அதில் 9 சதவீதம் எம்.சி.டி.யிலிருந்து வர வேண்டுமென்றால் சுமார் 11 மி.லி. எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டு அமிலங்களும் சேர்ந்தே 14 சதவீத அளவுதான், பாதி லாரிக் அமிலம். அதே பலனுக்கு 80 மி.லி. தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டும். 650 கிலோ கலோரி எண்ணெயிலேயே போய்விடும், அதாவது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. பீனோபார்பிட்டோன், புரோமைடு சாப்பிடும் நாய்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். அவற்றுக்கு இப்படி எண்ணெய் ஊற்றுவது ஆபத்து.

எம்.சி.டி. எண்ணெய் வாங்க முடிந்தால், நாளுக்கு 2 மி.லி.யில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டிலும் பிரித்துக் கலக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. சேர்த்த எண்ணெயின் கலோரியைச் சோற்றில் குறைத்துவிடுங்கள். பேதி ஆனால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். வாந்தி எடுத்து, முன்னங்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கிக் கும்பிடுவதுபோல நின்றால் அது வயிற்று வலி. எண்ணெயை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் போங்கள். முன்பே கணைய அழற்சி வந்த நாய்க்கு இந்த எண்ணெயே வேண்டாம்.

கேள்வி: 20 கிலோ நாட்டு நாய். தீவனம் வாங்க வசதியில்லை. கோழிக்கறியும் சோறும் போடுகிறோம். புரோமைடு ஓடுகிறது. உப்பு எவ்வளவு, கால்சியம் சிரப் தினமும் வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: எலும்பில்லாத, தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி 300 கிராம், அரிசி 150 கிராம் (இரண்டும் சமைக்கும் முன் எடை), கேரட், சுரைக்காய், பீன்ஸ் என ஏதாவது 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். இவ்வளவும் சேர்ந்து 1,000 கிலோ கலோரி அருகில் வரும். இதில் பாஸ்பரஸ் 800 மி.கி. அளவுக்கு இருக்கும், கால்சியம் 100 மி.கி.கூடத் தேறாது. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலான கால்சியம்.

வளர்ந்த நாய்க்கு உணவில் கால்சியம் குறைந்தால் உடனே வலிப்பு வந்துவிடாது. உடம்பு எலும்பைக் கரைத்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். கெடுவது எலும்பு, அதுவும் வெளியே தெரியாமல். எனவே கால்சியம் அவசியம், ஆனால் வலிப்புக்கு மருந்தாக அல்ல. கடையில் விற்கும் பல சிரப்புகளில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் இருக்கிறது. கறிச்சோறு சாப்பிடும் நாய்க்கு அது தேவையில்லை. முட்டை ஓடு போதும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மிக்சியில் மாவாக அரைத்துச் சலியுங்கள். நறநறவென்று இருக்கக் கூடாது. அரை டீஸ்பூன், அதாவது சுமார் 2.6 கிராம் பொடியில் 1,000 மி.கி. கால்சியம் கிடைக்கும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். எலும்பு சூப்பை நம்பாதீர்கள், அதில் கால்சியம் மிகக் குறைவாகவே இறங்கும்.

உப்பு நாளுக்கு அரை கிராம். கைப்பிடிக் கணக்கில் போட்டால் ஒருநாள் இரு மடங்கு விழும், மறுநாள் ஒன்றுமே விழாது; புரோமைடும் அதோடு ஏறி இறங்கும். ஒரு சுலப வழி இருக்கிறது. 10 கிராம் அயோடின் உப்பை அளவுக் குவளையில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை 200 மி.லி. கோடு வரை ஊற்றிக் கரையுங்கள். இதில் 10 மி.லி. எடுத்தால் சரியாக அரை கிராம் உப்பு. ஊசியில்லாத சிரிஞ்சில் காலை 5, மாலை 5 மி.லி. எடுத்துச் சோற்றில் கலந்துவிடுங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை புதிதாகக் கரையுங்கள். வீட்டில் யார் சோறு வைத்தாலும் அளவு மாறாது. இப்போது வேறு அளவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தால் இதற்கு மாறும் முன் மருத்துவரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள்.

இந்தச் சாப்பாட்டில் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, ஈ குறையும். நாய்களுக்கான தாது, வைட்டமின் கலவை ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். மீன் போட்டால் வேக வைத்தே போடுங்கள். மத்தி, கெண்டை போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அவற்றிலுள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழிக்கும், தயமின் குறைவே வலிப்பைக் கொண்டுவரும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 4.1, பொட்டாசியம் 12, குளோரைடு 138 என்று வந்திருக்கிறது. நாயோ வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது. புரோமைடு சாப்பிடும் நாய். பயமாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

பதில்: அந்தக் கால்சியம், பொட்டாசியம் அளவுகள் உண்மையானால் நாய் எழுந்து நிற்கவே முடியாது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. கொஞ்சம் கலந்தாலும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும். ரத்தத்தை முதலில் ஊதா மூடியில் விட்டுவிட்டு மிச்சத்தை அடுத்த குழாயில் ஊற்றினால் இப்படித்தான் வரும். இன்றே மறுபடி ரத்தம் எடுத்து, முதலில் சிவப்பு மூடிக் குழாயை நிரப்பச் சொல்லுங்கள். குளோரைடு 138 என்பது வேறு கதை. பல கருவிகள் புரோமைடையும் குளோரைடு என்றே எண்ணிவிடுகின்றன. அதைப் பார்த்து உப்பைக் குறைத்துவிடாதீர்கள். பீனோபார்பிட்டோன் அளவு பார்க்கும்போது ஜெல் உள்ள குழாய் வேண்டாம், ஜெல் மருந்தை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: மெக்னீசியம் மாத்திரை கொடுத்தால் வலிப்பு குறையுமா? கோதுமையை நிறுத்தணுமா?
— வாசகர், சேலம்

பதில்: ரத்தத்தில் மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்த நாய்க்கு மட்டும் உதவும். குடல் வழியாகப் புரதம் இழக்கும் நாய்களிடம் அப்படிக் குறைந்து, கால்சியத்தையும் சேர்த்து இறக்கும். மற்ற நாய்களுக்கு மிச்சம் பேதிதான். கோதுமையை நிறுத்திப் பலன் கண்டது பார்டர் டெரியர் இனத்தில் வரும் ஒருவகைத் தசை இழுப்பில். அப்போது நாய்க்கு நினைவு தப்பாது. அது வலிப்பு நோய் அல்ல.

கேள்வி: இழுக்கும்போது இரும்புச் சாவி கொடுப்பதும் வெங்காயத்தை மூக்கில் காட்டுவதும் பலிக்குமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: பலிக்காது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நிற்கும், அந்த நேரத்தில் எதைக் கையில் வைத்திருந்தோமோ அதற்குப் பேர் போய்விடுகிறது. நாய் நாக்கை விழுங்காது, வாயருகே கை வேண்டாம். படிக்கட்டு, மேசை முனையிலிருந்து நகர்த்தி, விளக்கை அணைத்து, கைபேசியில் நேரம் பார்த்துப் படமெடுங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், 24 மணி நேரத்தில் இரண்டாவது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். முழு நினைவு திரும்பி நடமாடிய பிறகே தண்ணீர், அதற்கும் பிறகே சாப்பாடு. தடுப்பூசி போடாத நாய்க்கு முதல்முறை இழுத்தால் டிஸ்டெம்பரும் வெறிநோயும்கூடக் காரணமாக இருக்கலாம். அதன் எச்சிலோ பல்லோ பட்டிருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்குங்கள்.